குழந்தையின் காதில் ஓதும் வியாபாரி

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், நண்பகல் இடைவேளையில் ஆறாம் வகுப்பின் பக்கமாகச் சென்றேன். பையன்களெல்லாம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் கடைசிப் பெஞ்சியில் சுவரைப் பார்த்தவண்ணம் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் டிபன் டப்பாவைச் சட்டென்று மூடினான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லை, சார்."

மூடியைத் திறக்கச் சொன்னால், உள்ளே முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை! மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மற்றப் பையன்கள் வர்ணப் பொட்டலங்களைப் பிரித்துத் தின்கிறார்களாம். தன் அடையைக் கண்டால் சிரிப்பார்களாம். விடியற்காலையில் எழுந்து அதைச் செய்துகொடுத்த தாயாரின் சிரமம் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் வெட்கப்பட்டான்.

இந்த வெட்கத்தை அவனுக்குக் கற்பித்தது யார்? பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் வாஸ்தவம் வேறு. அதற்கு முந்திய ஆண்டு எங்கள் விளையாட்டு விழாவுக்கு ஒரு பானக் கம்பெனி பந்தலும் பரிசுக் கோப்பைகளும் உபயம் செய்திருந்தது. மைதானத்தைச் சுற்றித் தங்கள் பெயர் பொறித்த துணிகளைக் கட்ட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் புட்டி இனாமாகக் கொடுக்க வேண்டும் என்பவைதான் அவர்கள் கேட்டவை. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி அந்தப் புட்டிகளைக் கொடுத்தவன் நானே. வாத்தியார் கையால் வந்த வஸ்து நல்ல வஸ்துவாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். ஆகையால், இதை எழுதுகிறவன் குற்றமற்றவன் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம்.

பெரியவர்களிடம் ஒரு வியாபாரி தம் சரக்கைப் புகழ்ந்தால், "அவர் பிழைப்பு அது" என்று பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் நம்புகிறோம். குழந்தைக்கு அந்தத் தராசு இன்னும் கைவரவில்லை. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, விளம்பரம் என்பது தம்மை வசப்படுத்தச் செய்யும் பேச்சு என்பதே விளங்குவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் நியமித்த குழு 2004-ல் கூறிற்று. திரையில் ஒரு பொம்மைப் புலி பேசினால், குழந்தைக்கு அது புலியின் வாக்கு; வியாபாரியின் வாக்கு அல்ல. அத்தகைய பிள்ளையிடம் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டத்தைப் பகலெல்லாம் ஓதுவதை நியாயமான வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்வியைச் சில தேசங்கள் முன்பே கேட்டிருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை நோக்கிச் செய்யும் வணிக விளம்பரங்கள் 1980 முதல் தடுக்கப்பட்டிருக்கின்றன. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எளிதில் ஏமாறக்கூடிய பிராயத்தினரைக் காப்பது தகும் என்று 1989-ல் தீர்ப்பாயிற்று.

தென் அமெரிக்காவின் சிலி இன்னும் துணிந்து நின்றது. 2012-ல் இயற்றிய சட்டம் 2016 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி உள்ள பொட்டலங்களின்மேல் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை குத்த வேண்டும். முத்திரை பெற்ற பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கலாகாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கி விளம்பரம் செய்யலாகாது. பொட்டலத்தின்மேல் சிரித்துக்கொண்டிருந்த பொம்மைப் புலியும் மறைந்தது. 2018 முதல், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை டெலிவிஷனில் இவற்றுக்கு விளம்பரமே இல்லை. சட்டம் வந்தபின், முத்திரைக்கு உரிய பானங்களைக் குடும்பங்கள் வாங்குவது சுமார் 24 சதவிகிதம் குறைந்ததென்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமற் போகவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, பள்ளி வளாகத்துக்குள்ளும் அதைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் இத்தகைய பண்டங்களைக் குழந்தைகளுக்கு விற்பதும், விளம்பரம் செய்வதும், இனாமாகக் கொடுப்பதும் கூடாது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் அவர்களுக்கென்றே உள்ள சானல்களிலும் இவற்றை விளம்பரம் செய்யலாகாது என்று 2022-ல் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் கூறின. நல்ல காரியம்தான். ஆனால் நம் குழந்தைகள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியை மட்டுமா பார்க்கிறார்கள்? கிரிக்கெட் பந்தயத்தைத் தகப்பனாரோடும், தொடர்கதையைப் பாட்டியோடும், மற்றவற்றைச் செல்போனிலும் அல்லவா பார்க்கிறார்கள்! நிகழ்ச்சியின் பெயரைப் பார்த்துத் தடுப்பதைக் காட்டிலும் கடிகாரத்தைப் பார்த்துத் தடுப்பதே பயன் தரும். பிரிட்டனும் 2026 ஜனவரி 5 முதல் அவ்வழியில் இறங்கி, இரவு 9 மணிக்கு முன் டெலிவிஷனிலும், எந்நேரமும் இணையத்தில் காசு கொடுத்துச் செய்யும் விளம்பரங்களிலும் இவற்றைத் தடுத்திருக்கிறது.

"பெற்றோர் கண்டித்து வளர்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பையனின் தாயார் தம் கடமையில் என்ன குறை வைத்தார்? கீரையை ஆய்ந்து அடை சுட்டுக் கொடுத்தார். அவர் ஒரு குரல். எதிரே ஆயிரம் குரல்கள். பேச்சுரிமை போய்விடுமே என்பாரும் உண்டு. வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-ல் கூறியது மெய்யே. வஞ்சக விளம்பரத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்பதையும் அத்தீர்ப்பே கூறிற்று.

ஐந்து வயதுக்கு உட்பட்ட நம் குழந்தைகளில், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 35.5 சதவிகிதம். அதே கணக்கில், உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் 2.1 சதவிகிதத்திலிருந்து 3.4 ஆக உயர்ந்திருக்கிறார்கள். சத்தில்லாத குறையே இன்னும் தீராத தேசத்தில், சத்தில்லாத பண்டத்துக்குக் கைக்காசைக் கொடுக்கச் சொல்லிப் பாலகர்களைத் தூண்டுவது பெருங்கொடுமை.

எங்கள் பள்ளியில் இப்போது கம்பெனி உபயங்களை வாங்குவதில்லை. பந்தல் சிறுத்துவிட்டது, கோப்பைகளுக்குப் பதிலாகப் பெற்றோர் சேர்ந்து எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கித் தருகிறார்கள், மைதானத்து ஓரத்தில் நீர்மோர்ப் பானை இருக்கிறது. பிள்ளைகளின் ஓட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நேயர்கள் தங்கள் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் அடுத்த விழாவின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், கடிகாரத்தைப் பார்த்துத் தடுக்கும் சட்டம் எப்போது வரும் என்றும் கேட்க வேண்டும். தாயார் கொடுத்த உணவை ஒரு பிள்ளை மரத்தடியில் எல்லாரோடும் உட்கார்ந்து திறந்து சாப்பிட, பெரியவர்களாகிய நாம் செய்யக்கூடியது இது.