முதல் வேண்டி நிற்கும் அவை

முன்னுரை

பொருள் வேண்டுவோன் பொருளுடையானை நாடிச் சென்று தன் கருத்தை எடுத்துரைத்தல் உலகிற் பழைய வழக்கமாகும். பழந்தமிழர் இதனை ஆற்றுப்படை எனவும் பரிசில் துறை எனவும் இலக்கிய நெறியாகவே வகுத்துக் கொண்டனர். அங்குப் பெறுவோன் பெற்றது கொடை. கொடுத்தோன் பெற்றது புகழ். 21-ஆம் நூற்றாண்டில் தொலைக்காட்சியின் வழியாகப் புதியதோர் அவை தோன்றியுள்ளது. இதன்கண் வேண்டி நிற்போன் இரவலன் அல்லன். எதிரே அமர்ந்திருப்போன் புரவலனும் அல்லன். முன்னவன் தன் தொழிலில் ஒரு பகுதியை விற்க வந்தவன். பின்னவன் அதனை வாங்க இருப்பவன். இவ் வேறுபாட்டை உணராதார் இந் நிகழ்ச்சியை இரத்தற் காட்சி என்றோ வெறும் கேளிக்கை என்றோ கொள்வர். இதன் தோற்றமும் அமைப்பும் யாவை, இவ் அவை வழங்கும் தீர்ப்பு எத்துணை மதிக்கத்தக்கது என்பனவற்றை ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் பெயர்களும்

இவ்வகை நிகழ்ச்சி முதன்முதலில் ஜப்பானில் தோன்றியது. நிப்பான் தொலைக்காட்சி 2001 முதல் 2004 வரை ஒளிபரப்பிய அந் நிகழ்ச்சியின் பெயர் 'பணப்புலி' எனப் பொருள்படுவது. 2005 சனவரியில் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் இரண்டாம் அலைவரிசையில் அது 'டிராகன்ஸ் டென்' என்னும் பெயர் பூண்டது. டிராகன் என்பது தீயுமிழும் கற்பனைப் பறவைநாகம். 2009-இல் அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்' எனச் சுறாவின் பெயர் பெற்றது. 2014-இல் செருமனியில் அரிமாவின் குகை என்று பெயரிட்டனர். 2021 திசம்பரில் 'ஷார்க் டேங்க் இந்தியா' தொடங்கிற்று. இவ்வகையைத் தழுவித் தமிழிலும் 2025-இல் விஜய் தொலைக்காட்சியில் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' தோன்றியது.

புலி, பறவைநாகம், சுறா, அரிமா என நாடுதோறும் விலங்கு மாறினும், கருத்து மாறவில்லை. பொருளுடையாரைக் கொடிய விலங்காகவும், பொருள் வேண்டுவோரை அவற்றின் உறைவிடத்துட் புகுந்தோராகவும் உருவகித்தலே அக் கருத்து. கொடையாளியை மழையோடும் பயன்மரத்தோடும் ஒப்பிட்ட மரபு நம்முடையது. மழை தன்பாற் பெற்றோரிடம் பங்கு கேட்பதில்லை, முதலீட்டாளர் கேட்கின்றார். ஆதலின், அவரை மழை எனக் கூறாது சுறா என்று கூறியது ஒருவகையில் நேர்மையேயாம்.

மதிப்புக் கணக்கு

அவைக்கு வருவோர் முதலில் இரண்டு எண்களைக் கூறுதல் வேண்டும். ஒன்று, தமக்கு வேண்டும் தொகை. மற்றொன்று, அதற்கு ஈடாகத் தரும் பங்கு. இவ் இரண்டினுள் மூன்றாவது எண் ஒன்று மறைந்து நிற்கின்றது. ஒருவர் 1,00,000 பவுன் வேண்டி 10 விழுக்காட்டுப் பங்கு தருவதாகக் கூறின், பணம் சேர்ந்த பின்னர்த் தம் தொழிலின் முழுமதிப்பு 10,00,000 பவுன் என்று அவர் கூறியவராவார். பின்னர் நிகழும் வினாவும் விடையும் பெரும்பாலும் இம் மூன்றாம் எண்ணைப் பற்றியனவே. ஆண்டு விற்பனை எவ்வளவு, ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவு யாது, பிறர் அதனை எளிதிற் செய்துவிட இயலுமா என்று முதலீட்டாளர் வினவுவதெல்லாம், அம் மதிப்பு தாங்குமா என்று தட்டிப் பார்ப்பதேயாம்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 2007-இல் பிரித்தானிய அவைக்கு வந்த லீவை ரூட்சு என்பார். இவர் யமேக்காவில் பிறந்தவர், இசைவாணர். தாம் செய்த காரக் குழம்பினை விற்க முதல் வேண்டிக் கித்தாரும் கையுமாகப் பாடிக்கொண்டே அவை புகுந்தார். 50,000 பவுனுக்கு 20 விழுக்காடு தருவதாகக் கூறினார். அஃதாவது, தம் தொழிலை 2,50,000 பவுனாக மதித்தார். தமக்கு வந்த கொள்முதல் ஆணையின் அளவைப் பன்மடங்கு மிகைபடத் தவறாகவும் கூறிவிட்டார். எனினும், பீட்டர் சோன்சு, ரிச்சர்டு ஃபார்லீ என்னும் இருவர் அத் தொகையை அளிக்க முன்வந்தனர். ஆனால் 40 விழுக்காடு கேட்டனர். அவர் இசைந்தார். மதிப்பு 1,25,000 பவுனாக, அஃதாவது, பாதியாகக் குறைந்தது. அவர் இழந்தது மதிப்பிற் பாதி. பெற்றதோ பணம் மட்டுமன்று, பெரிய அங்காடிகளின் கதவைத் திறக்க வல்லார் துணையுமாகும். அவ் ஆண்டிலேயே அக் குழம்பு செயின்சுபரி அங்காடிகளில் விற்பனைக்கு வந்தது.

அவையின் குறைபாடு

இவ் அவையின் தீர்ப்பு பிழைபடாததோ எனின், அன்று என்பதற்குச் சான்றுகள் உள. 2006-இல் ராபு லா என்பார், குழந்தைகள் அமர்ந்து உருட்டிச் செல்லத்தக்க 'டிரங்கி' என்னும் பயணப் பெட்டியைக் கொணர்ந்தார். முதலீட்டாளருள் ஒருவர் அதன் வாரினைப் பற்றி இழுக்க, அது கழன்றது. அவர் முதல் பெறாமலே மீண்டார். ஆயினும், பின்னாளில் அப் பெட்டி பல நாடுகளிற் பல இலக்கக் கணக்கில் விற்பனையாயிற்று. கழன்றது ஒரு வார். அவை அதனைப் பெட்டியின் குறையாகக் கண்டது.

2013-இல் அமெரிக்க அவைக்கு வந்தவர் சேமி சிமினோஃப். வாயிலில் நிற்போரைக் கைப்பேசியிற் காட்டும் அழைப்பு மணியே அவர் கொணர்ந்த பொருள். 7,00,000 டாலருக்கு 10 விழுக்காடு என்றார். ஏனையோர் விலகிக் கொள்ள, ஒருவர் மட்டும் கடனாகவும் விற்பனைதோறும் ஒரு பகுதி பெறும் முறையிலும் தருவதாகக் கூறினார். சிமினோஃப் அதனை ஏற்கவில்லை. 'ரிங்' எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அந் நிறுவனத்தை 2018-இல் அமேசான் வாங்கியது. விலை நூறு கோடி டாலருக்கும் மேற்பட்டது என்று செய்தி வெளியாயிற்று.

தம்மை நேரிற் காணாது அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை ஏலாது மறுத்த பெருஞ்சித்திரனாரை ஈண்டு நினைதல் தகும். புலவர் மறுத்தது, தம் தகுதி அறியப்படாமையால். வணிகர் மறுத்தது, தம் பொருளின் மதிப்பு அறியப்படாமையால். காரணம் வேறாயினும், வெறுங்கையுடன் மீளத் துணிதல் இருவர்க்கும் பொது.

காட்சியும் ஒப்பந்தமும்

பார்ப்போர் மறத்தலாகாதன சில உண்டு. நெடுநேரம் நிகழும் உரையாடலிற் சில நிமிடங்களே நமக்குக் காட்டப்படுகின்றன. கைகுலுக்குதல் ஒப்பந்தத்தின் முடிவன்று; கணக்கு ஏடுகளும் உரிமைகளும் பின்னரே ஆராயப்படும். அவ் ஆராய்ச்சியில் முறிந்துபோன உடன்பாடுகள் பல. மேலும், அமெரிக்க நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளில், அவைக்கு வருவோர் முதல் பெற்றாலும் பெறாவிடினும், 5 விழுக்காட்டுப் பங்கையோ ஊதியத்தில் 2 விழுக்காட்டையோ நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்திற்கு அளிக்க வேண்டும் என்னும் விதி இருந்தது. முதலீட்டாளருள் ஒருவராகிய மார்க் கியூபன் எதிர்த்தமையால் 2013-இல் அது நீங்கியது. காட்சிப்படுதலுக்கே விலை உண்டு என்பதை இவ் விதி புலப்படுத்துகின்றது. அவ் விலைக்குப் பயனும் இல்லாமல் இல்லை. முதல் பெறாது மீண்ட சிமினோஃபே, நிகழ்ச்சியால் தம் விற்பனை பெருகிற்று என்று பின்னர்க் கூறியுள்ளார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன இவை: இவ் அவை கொடைக் களமன்று, விலை பேசும் களம், இங்குச் சொல்வன்மை வாயிலைத் திறக்கும், ஆயின் கணக்கே உள்ளே நிறுத்தும், இதன் தீர்ப்பு சில மனிதர் ஒரு நாளிற் கொண்ட கருத்தேயன்றித் தொழிலின் இறுதி மதிப்பு அன்று. தமிழிலும் இவ் அவை கூடத் தொடங்கியுள்ள இந் நாளில், அங்குச் செல்லும் இளைஞர் தம் எண்களை நன்கு அறிந்து செல்க. எவ்வளவு பங்கு வரை தரலாம், எந் நிலையில் எழுந்து வருதல் வேண்டும் என்பதனை வாயில் கடக்குமுன் தமக்குள் முடிவு செய்துகொள்க. ஒளி விளக்குகளின் நடுவே அம் முடிவைச் செய்தல் அரிது.