கேபிளில் தனிச் சேனல் வாங்கலாம்

1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நம் திருத்தணியில் தமிழ், தெலுங்கு இரண்டும் பார்க்கும் வீடுகள் அதிகம். தமிழ் பேக்கேஜ் எடுத்தவர் ஒரு தெலுங்கு சேனல் கேட்டால், இன்னொரு பேக்கேஜையே எடுக்கச் சொல்கிறார்கள் சில கேபிள்காரர்கள். துவரம்பருப்பு கேட்டவரிடம், சோப்பும் வாங்கினால்தான் உண்டு என்று நாம் சொன்னால் சும்மா போவாரா?

2019 பிப்ரவரி 1 முதல் அமலான டிராய் விதிப்படி, ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் கம்பெனி தனி விலை அறிவிக்க வேண்டும். தனியாகக் கேட்டால் கேபிள்காரர் தர வேண்டும். நம் சரக்கின் எம்.ஆர்.பி. போலத்தான். ஆனால் ஐந்தாறு சேனல் என்றால் பேக்கேஜே மலிவாக இருக்கலாம். மொத்த விலை, சில்லறை விலை நமக்குத் தெரியாததா? ஆகவே வீட்டில் உண்மையில் பார்ப்பவற்றை எழுதி, விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நெட்வொர்க் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனி.