வாங்குபவர் வந்தாலும் அது ஏற்றுமதியே: ஸ்பானிய மொழிப் பாடநெறிச் சந்தை

ஏற்றுமதி என்றதும் தேயிலைப் பெட்டிகளும் கொழும்புத் துறைமுகமும்தான் உங்கள் நினைவுக்கு வரும். பண்டம் வெளியே போகிறது. அந்நியச் செலாவணி உள்ளே வருகிறது. சேவை ஏற்றுமதியில் இப்படம் பல வேளைகளில் தலைகீழாகிவிடும். சேவை இருந்த இடத்திலேயே இருக்கும்; வாங்குபவரே விமானம் ஏறி வருவார். மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. ஆகவே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது பிறநாட்டு மாணவருக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் சந்தை.

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஸ்பெயினிலும் இலத்தீன் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளிலும் அதுவே அரச கரும மொழி. இதனால் ஐக்கிய அமெரிக்கா, ஜேர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளின் மாணவரிடையே அதற்குக் கேள்வி அதிகம். ஊரிலேயே கற்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கற்கலாம்தான். ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் தங்கியிருக்கும் வீட்டிலும் அம்மொழியையே பேச வேண்டிய நிலை வகுப்பறையில் கிடைக்காது. அந்தச் சூழலுக்காகவே அவர்கள் பயணம் செய்கிறார்கள்.

ஸ்பெயினில் இச்சந்தைக்குப் பேர்போன நகரம் சலமன்கா. அது நம் கண்டியைப் போல மிகப் பெரிதல்லாத ஒரு பழைய நகரம். இரண்டும் 1988 இல்தான் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218 இல் தோன்றியது. 1929 முதல் பிறநாட்டவருக்கு ஸ்பானிய மொழிப் பாடநெறிகளை நடத்தி வருகிறது. அதைச் சுற்றித் தனியார் மொழிப் பாடசாலைகளும் வளர்ந்துள்ளன.

இனி வருமானத்துக்கு வருவோம். சலமன்காவில் நான்கு வாரம் கற்கும் மாணவி பாடசாலைக்குக் கட்டும் கட்டணம் அவர் செலவில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை எடுக்கிறார், அங்கேயே உணவு உண்கிறார், புத்தகம் வாங்குகிறார், வார இறுதியில் ரயிலில் வேறு ஊர் பார்க்கப் போகிறார். அறை வாடகை பெறும் இல்லத்தரசி தன்னை ஏற்றுமதியாளர் என்று நினைத்திருக்கமாட்டார். ஆனால் சென்மதி நிலுவைக் கணக்கில் அவர் பெறும் பணமும் சேவை ஏற்றுமதி வருமானமே. 1995 இல் நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தக உடன்படிக்கை இதனை 'வெளிநாட்டில் நுகர்வு' என்ற வகையில் அடக்குகிறது.

சலமன்காவுக்குப் போட்டியாளர் பலர். குவாத்தமாலாவின் அன்ரிகுவா நகரில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில், ஐரோப்பாவை விடக் குறைந்த விலைக்குக் கற்பிக்கிறார்கள். ஆர்ஜென்டீனாவின் கதை இதைவிடச் சுவையானது. அங்கு 1991 முதல் ஒரு பெசோ ஒரு டொலருக்குச் சமமாக வைக்கப்பட்டிருந்தது. 2002 ஜனவரியில் அந்த ஏற்பாடு முறிந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் ஒரு டொலருக்கு மூன்று பெசோவுக்கு மேல் கிடைத்தது. நாட்டு மக்களுக்கு அது பெருந்துன்பம். ஆனால் டொலர் வைத்திருந்த பிறநாட்டு மாணவருக்கு புவனஸ் அயர்ஸ் திடீரென மலிவான நகராகியது. ஸ்பானிய மொழி கற்க வருவோர் அங்கு பெருகினர்.

இது உங்களுக்குத் தெரியாத கதையன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாவாகியது. இரண்டு கணக்குகளைச் செய்து பாருங்கள். வெளிநாட்டுப் பாடநெறி ஒன்றுக்கு 1,000 டொலர் கட்டவேண்டிய கண்டி மாணவருக்கு 2,00,000 ரூபாவாக இருந்த செலவு 3,60,000 ரூபாவாகிறது. மறுபக்கம், கண்டியில் மாதம் 1,08,000 ரூபாவுக்கு அறையும் உணவும் பெறும் பிறநாட்டு மாணவருக்கு 540 டொலராக இருந்த செலவு 300 டொலராகக் குறைகிறது. நாணயத்தின் பெறுமதி வீழும்போது கல்விச் சேவையின் இறக்குமதி கடினமாகும், ஏற்றுமதி இலகுவாகும். ஒரு திருத்தம் மட்டும்: அரிசியும் எரிவாயுவும் விலை ஏறினால் அந்த வீட்டுக்காரர் 1,08,000 ரூபாவிலேயே நிற்கமாட்டார். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே மலிவு என்ற அனுகூலம் நெடுநாள் நிலைப்பதில்லை.

கண்டியிலும் இத்தகைய சேவை விற்கப்பட்டுள்ளது. அமெரிக்கக் கல்லூரிகள் சில இணைந்து 1982 இல் தொடங்கிய 'ஐல்' என்னும் திட்டத்தின் கீழ் அந்நாட்டு மாணவர்கள் பல ஆண்டுகள் கண்டிக்கு வந்து, உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி, சிங்கள மொழியும் இந்நாட்டுப் பண்பாடும் கற்றனர். தமிழ் கற்க விரும்பும் அமெரிக்க மாணவருக்கு மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவகம் பாடநெறி நடத்துகிறது. அப்படியாயின் தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் ஒலிக்கும் கண்டிக்கு ஏன் சலமன்காவைப் போன்ற கூட்டம் வருவதில்லை?

பேசுவோர் தொகையும் நாடுகளின் தொகையும் ஒரு காரணம். மற்றது சான்றிதழ். ஸ்பெயின் அரசு 1991 இல் செர்வாந்தஸ் நிறுவகத்தை உருவாக்கியது. 'டெலே' எனப்படும் ஸ்பானிய மொழிச் சான்றிதழை ஸ்பெயினின் கல்வி அமைச்சின் பெயரால் அதுவே வழங்குகிறது. சேவையைக் கையில் எடுத்துத் தரம் பார்க்க முடியாது. ஆகவே வாங்குபவர் நம்பக்கூடிய முத்திரையைத் தேடுகிறார். 'தொட்டுணர முடியாமை' என்று நீங்கள் மனனம் செய்யும் இயல்பின் நடைமுறை விளைவு இதுதான். கண்டியில் ஆங்கிலம் படிப்போர் ஐயெல்ட்ஸ் பெறுபேற்றுக்காகப் பணம் செலுத்துவதும் இதே காரணத்தாலேயே. அங்கே வாங்குபவர் நாம்.

2020 இல் கொரோனாத் தொற்றினால் பயணங்கள் நின்றபோது மொழிப் பாடசாலைகள் பல இணையவழி வகுப்புக்கு மாறின. பாடக் கட்டணம் எல்லை கடந்து வந்தது. வீட்டு அறையும் மேசை உணவும் இணையத்தில் போகாதவை. அந்த வருமானம் நின்றுபோனது. வெறுமையாகக் கிடந்த அறையின் ஒரு மாத வாடகையை அடுத்த மாதத்துக்குச் சேமித்து வைக்கவும் இயலாது. சேவையின் 'அழிவுறும் தன்மை'க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பயிற்சி வினா: பேராதனையில் ஒரு குடும்பம் தன் வீட்டு அறையைச் சிங்களம் கற்க வந்த அமெரிக்க மாணவருக்கு மூன்று மாதம் வாடகைக்குக் கொடுக்கிறது. இது ஏற்றுமதியா, இறக்குமதியா? வாடகை ரூபாவில் கொடுக்கப்பட்டால் உங்கள் விடை மாறுமா? காரணத்துடன் எழுதுக.