பழைய அம்பாசிடரில் கொடைக்கானல் போறீங்களா? சாக் அப்சர்பரை பாருங்க!

கொடைக்கானல்:
2014-ல் உற்பத்தி நின்றாலும் அம்பாசிடர் காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. வத்தலக்குண்டு, பழனி மலைப்பாதையில் கார் ஆடினால், பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக போட்டால் போதும் என்று நினைக்காதீங்க.

பட்டை பாரத்தை தாங்கும். குலுக்கலை அடக்குவது சாக் அப்சர்பர்தான். அது செத்துப் போனால் பள்ளத்தில் விழுந்த கார் துள்ளிக்கிட்டே இருக்கும். துள்ளும் டயருக்கு ரோட்டில் பிடிப்பு இருக்காது. கொண்டை ஊசி வளைவில் இது உயிருக்கே ஆபத்து.

காரை நிறுத்தி, ஒவ்வொரு மூலையாக அமுக்கி விடுங்க. ஒருமுறை எழும்பி நின்றால் பரவாயில்லை. இரண்டு, மூன்று முறை ஆடினால் மாற்றணும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவில் தடை உள்ளது. எனவே அந்த காருக்கு உரிய பாகங்களையே பொருத்தவும்.