லினக்ஸ் கணினியில் பொறியியல் வரைபடம்: எந்த மென்பொருளைத் தேர்வு செய்வது?

பொறியியல் வரைபடப் பணியில் நாடு முழுவதும் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஆட்டோகேட் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அதன் சந்தாத் தொகையைச் செலுத்த இயலாத சிறு தொழிற்கூடங்கள் சில, திருட்டுப் பிரதிகளை நாடுகின்றன. இதில் சட்டச் சிக்கல் உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு வகை செய்கிறது. வணிக ஆதாயம் இல்லாத நேர்வுகளில் மட்டும் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம்.

இந்நிலையில், லினக்ஸில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் எவை, யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

இருபரிமாண வரைபடம்: கட்டடத் தளவரைபடம், தகடு வெட்டும் வரைபடம் போன்றவற்றுக்கு லிப்ரேகேட் போதுமானது. பழைய கணினியிலும் இயங்கும். இது டிஎக்ஸ்எஃப் கோப்புகளைக் கையாளும். டிடபிள்யூஜி கோப்புகளை ஓரளவு திறக்கும். ஆனால் அவ்வடிவில் சேமிக்காது.

முப்பரிமாண மாதிரி: இயந்திர உதிரிபாகங்களை வடிவமைக்க ஃப்ரீகேட் ஏற்றது. ஓர் அளவை மாற்றினால், அதைச் சார்ந்த பகுதிகள் அனைத்தும் தாமே மாறும். முந்தைய பதிப்புகளில், ஓரிடத்தில் செய்யும் திருத்தம் பிற பகுதிகளின் இணைப்பைக் குலைத்துவிடும் குறை இருந்தது. 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் அது பெருமளவு களையப்பட்டதுடன், பாகங்களை ஒன்றுசேர்க்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

சிறப்புப் பணிகள்: நிரல் எழுதி வடிவம் உருவாக்க விரும்புவோருக்கு ஓப்பன்எஸ்கேட் உதவும். மின்சுற்றுப் பலகை வடிவமைப்புக்கு கிகேட் உள்ளது. மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இசிம் மென்பொருளும் கிகேட்டைப் பயன்படுத்துகிறது.

தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாடிக்கையாளர் கேட்கும் கோப்பு வடிவமே. முப்பரிமாண மாதிரியை 'ஸ்டெப்' வடிவில் ஏற்பவருக்கு ஃப்ரீகேட்டிலிருந்தே அனுப்பலாம். டிடபிள்யூஜி கட்டாயம் என்றால், ஃப்ரீகேட்டுடன் தனி மாற்றி மென்பொருளை நிறுவ வேண்டும். அன்றாடம் டிடபிள்யூஜியில் பணிபுரிவோர், லினக்ஸ் பதிப்புள்ள கட்டண மென்பொருளான பிரிக்ஸ்கேடைப் பரிசீலிக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், ஏற்கெனவே முடித்த ஒரு வரைபடத்தை அதில் திறந்து அளவுகள், அடுக்குகள், எழுத்துருக்கள் சரியாக உள்ளனவா எனச் சோதிப்பது அவசியம். அதை மீண்டும் சேமித்து வாடிக்கையாளரின் கணினியிலும் திறந்து பார்த்த பின்னரே முழுமையாக மாறுவது நல்லது. கோப்பு மாற்றத்தில் அளவு பிசகினால், வெட்டிய உலோகம் வீணாகும்.