இல்லாததை யாரும் திருட முடியாது

கோவையில் சிறு கடைகளுக்கு வெப்சைட் நடத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மாதம் பிறந்தால் சர்வர் பில் வந்துவிடும். அதனால், உலகமே ஓசியில் பயன்படுத்தும் சேவை எதைப் பார்த்தாலும் ‘இதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்?’ என்றுதான் முதலில் யோசிப்பேன்.

ஆஸ்திரேலியர் டிராய் ஹன்ட் 2013 டிசம்பரில் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தைப் பார்த்தபோதும் அப்படித்தான் யோசித்தேன். அடோபியின் 15 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் கசிந்த ஆண்டு அது. நம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று அந்தத் தளம் சொல்லும்.

திருட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு நல்லது செய்வது லேசான காரியமில்லை. 2015இல் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தகவல்கள் திருடுபோயின. கல்யாணத்துக்கு வெளியே உறவு தேடுவோர் சேரும் இடம் அது. பக்கத்து வீட்டுக்காரரின் முகவரியைத் தட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? பட்டியல் வெளியே வருவதற்கு முன்பே ஹன்ட் தன் முடிவை அறிவித்துவிட்டார்: அந்த மின்னஞ்சல் தன்னுடையது என்று நிரூபிப்பவருக்கு மட்டுமே பதில். முகவரிகளோடு கடவுச்சொற்களைச் சேர்த்து வைப்பதும் இல்லை.

கசிந்த கடவுச்சொற்களுக்கென 2017இல் தனிப் பட்டியல் வந்தது. நம் கடவுச்சொல் அதில் இருக்கிறதா என்று கேட்க, அதையே அனுப்பினால் காரியம் கெட்டது. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் பொறியாளர் ஜுனைத் அலி சொன்ன வழி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நம் கணினி கடவுச்சொல்லை 40 எழுத்துக் குறியீடாக மாற்றி, முதல் ஐந்தை மட்டும் அனுப்பும். அந்த ஐந்தில் தொடங்கும் குறியீடுகளின் மீதி எழுத்துகள் மொத்தமாக வரும். ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கணினியின் வேலை. தெருப்பெயரை மட்டும் சொல்லி, அந்தத் தெருவின் வாக்காளர் பட்டியலை வாங்கிவந்து வீட்டில் தேடுவதுபோல.

என்னைக் கவர்ந்தது இதன் கணக்கு. ஐந்து எழுத்தில் 10,48,576 கேள்விகள்தான் சாத்தியம். ஆகவே பதில்களை கிளவுட்ஃபிளேர் தன் சர்வர்களில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே கொடுத்துவிடுகிறது. ரகசியத்தைக் காக்கும் அதே ஏற்பாடு பில்லையும் குறைக்கிறது.

அந்த நகல் தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஹன்ட் 2022 ஜனவரியில் எழுதினார். முழுப் பட்டியலையும் இறக்கிக்கொள்வதற்கான கோப்பு 15 ஜிபி வரம்பைத் தாண்டியதால் கிளவுட்ஃபிளேரில் தங்கவில்லை. ஒவ்வொரு டவுன்லோடும் மைக்ரோசாஃப்டின் அசூர் சர்வர்களிலிருந்தே போனது. பில் 11,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்! பிறகுதான் செலவு ஏறினால் எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்.

உங்கள் முகவரி கசிவில் சிக்கியிருப்பதாக ஹன்ட்டின் தளம் சொன்னால், கசிந்த தளத்தின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள். நான் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். ‘ஆர்டர் படிவத்தில் பிறந்த தேதியும் கேளுங்க தம்பி, இருக்கட்டுமே’ என்று கடைக்காரர் சொன்னால், ‘எதுக்குண்ணே?’ என்று கேட்கிறேன். சரியான காரணம் வராதவரை அந்தக் கட்டம் படிவத்தில் ஏறாது.