தொழுநோய்: சாபமன்று, கிருமியே!



நம் ஆம்பூரில் தோலைப் பற்றி அறியாத வீடு எது? தோல் பதனிடும் இடத்திலோ, காலணித் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர் ஒருவராவது நம் தெருவில் இருப்பார். பதனிட்ட தோலை விரித்தவுடன், கீறல் எங்கே, தழும்பு எங்கே என்று கண்டு தரம் பிரிக்கும் திறமையாளர்கள் இங்கு உண்டு. ஆனால் நம் சொந்தத் தோலில் ஒரு வெளிறிய திட்டுத் தோன்றினால் நாம் என்ன செய்கிறோம்? “தேமல்தான்” என்று விட்டுவிடுகிறோம். அல்லது, “பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?” என்று பயந்து மூடி மறைக்கிறோம். இப்படி மறைப்பதாலேயே முற்றுகின்ற நோய் தொழுநோய்.

நோய்க்குக் காரணம் என்ன?

முற்காலத்தில் இதனை முன்வினை என்றனர். கடவுளின் தண்டனை என்றனர். பரம்பரை நோய் என்றும் கூறினர். 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், நோயாளியின் திசுவில் குச்சி போன்ற நுண்கிருமிகளைக் கண்டார். அதே ஆண்டில்தான் அருட்தந்தை தமியான், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடையே பணியாற்றச் சென்றார். 1889-இல் அதே நோயால் உயிர் நீத்தார். அன்று காரணம் தெரிந்தது. மருந்து மட்டும் இல்லை.

சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நீர்த்துளிகள் வழியாக இக்கிருமி பரவுகிறது. அதுவும் நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கே பெரும்பாலும் தொற்றும். கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் அமர்ந்து உண்பதாலோ தொற்றாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல அரை மணிக்குள் இரட்டிப்பாகும். தொழுநோய்க் கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே, தொற்றிய பின் நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம்.

விரல்கள் ஏன் அழிகின்றன?

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்றே பலரும் எண்ணினர். இந்த எண்ணத்தை மாற்றிய ஆராய்ச்சி நமக்கு 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் நடந்தது என்பது நமக்குப் பெருமையன்றோ! கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். கிருமி விரல்களைத் தின்பதில்லை, நரம்புகளையே கெடுக்கிறது என்று அவர் கண்டார். நரம்பு கெட்டால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் அவர்கள் விழிப்பதில்லை! அதனால் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. நாம் வெறுக்கும் வலி, உண்மையில் நம்மைக் காக்கும் காவலாளியே.

மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தார். 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. உணர்விழந்த பாதங்களுக்காக, மெத்தென்ற ரப்பரில், ஆணி அடிக்காத செருப்புகள் அங்கே செய்யப்பட்டன. உலகிற்குக் காலணி செய்து அனுப்பும் நம் ஊரார், ஒரு செருப்பே மருந்தாக முடியும் என்பதை அறிந்து மகிழலாம்.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், பெண்களாகிய நமக்கு எத்தகைய முன்மாதிரி!

மருந்து உண்டா?

நிச்சயமாக உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக உண்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம். எனினும், கெட்டுப்போன நரம்பை மருந்து முழுமையாக மீட்டுத் தராது. ஆகவேதான் தாமதம் கூடாது என்கிறோம்.

நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிற்கும் கீழே இந்நோய் 2005-இல் குறைந்தது. அதனால் ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. இன்னும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்றிருந்த விதியையும் 2019-இல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் மாறியது, நம் மனம் மாற வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியவை

தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, அங்கே தொடுவுணர்வு குறைந்திருந்தால், உடனே பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டுவோம். கை கால் மரத்துப்போனாலும் அவ்வாறே செய்வோம். பெற்றோரே, உங்கள் மகள் ஒரு திட்டைக் காட்டினால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள், அழைத்துச் செல்லுங்கள். குணமடைந்தவரைக் கண்டால் ஒதுங்காமல், கைகூப்பி, அருகில் அமரச் சொல்வோம்.

தோலில் உள்ள திட்டு மருந்தால் மறையும். மனத்தில் உள்ள அச்சத்தை அறிவால்தான் போக்க முடியும். அந்த அறிவை நம் இல்லங்களுக்கு எடுத்துச் செல்வோமாக!